பண்டிகை விலக்கு

தீபாவளி காலை, கூடத்தில் எல்லோரும் பலகாரத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் முகிலா மட்டும் சுவரோரம் நின்றாள். உடம்புக்கு ஆகாத பண்டம் பக்கத்தில் இருந்தால், எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையின் விளக்கு சிவப்பாக எரியும். அவளுக்குப் பாலும் கோதுமையும் ஆகாது. பட்டை எரிகிற கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தாள்.

"அண்ணி, அவளை உள்ள கூட்டிட்டுப் போங்களேன். அந்த லைட்டப் பாத்தா சாப்பிடவே மனசு வரல," என்றாள் நாத்தனார் சுகந்தி, மைசூர்பாகைக் கடித்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகிலாவுக்கு ஒன்பது வயது. பேச்சு இன்னும் நாலைந்து வார்த்தைதான். ஒருநாளும் ஒரு துண்டு கேட்டு அடம்பிடித்ததில்லை. அவளுக்காக நான் சுட்ட சாமை அதிரசத்தை இவர்களில் ஒருவரும் தொடவில்லை.

பட்டை இவர்கள் கையிலும்தான் இருக்கிறது. சுகந்திக்குச் சர்க்கரை, அவள் கணவருக்கு ரத்தக்கொதிப்பு, பெரியத்தானுக்கு இதயத்தில் கோளாறு. ஆனால் பெரியவர்களுக்குப் பண்டிகை விலக்கு உண்டு. வீட்டுக்காரி சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் அன்று முழுக்க அவர்கள் பட்டை எரியாது. குழந்தைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. காலையில் நான்தான் அழுத்தினேன்.

எழுந்து போய் அதே பொத்தானை அழுத்தி விலக்கை நீக்கினேன். தட்டைச் சுற்றி அத்தனை பட்டைகளும் சிவப்பாக எரிந்தன.

"என்னண்ணி இது, நல்ல நாளும் அதுவுமா!" என்று கத்தினாள் சுகந்தி.

"எல்லாரும் உள்ள போய் உக்காருங்க. உங்க லைட்டப் பாத்தா எம்பொண்ணுக்குச் சாப்பிட மனசு வராது."

முகிலா பாவாடையிலிருந்து கையை எடுத்தாள். நேராகச் சுகந்தியிடம் போய், கடித்த மைசூர்பாகை அவள் விரல்களிலிருந்து மெல்ல வாங்கித் தட்டில் வைத்தாள். தினமும் நான் அவளிடம் சொல்வதையே அத்தையிடம் சொன்னாள்:

"வேணாம், கண்ணு."