நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

"அக்கா, இன்னைக்கும் ஒரு ஏமாந்த சோணகிரி வந்து உட்கார்ந்திருக்கு," என்று பக்கத்து மேசைக்காரன் குரலைத் தாழ்த்திக் கண்ணைக் காட்டினான்.

சோதனை அதிகாரி அவனை முறைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்த நிறுவனத்தில் யார் பிட்காயின் மாதிரி மெய்நிகர் நாணயம் அனுப்பினாலும், கம்ப்யூட்டர் அதற்கு மோசடி மதிப்பெண் போடும். எண்பதைத் தாண்டினால் தானாகவே நிறுத்திவிடும். அப்புறம் அவள் விசாரித்து விடுவித்தால்தான் உண்டு.

எதிரே இருந்த பெரியவர் வாங்கியிருந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

கணக்குத் தொடங்கியதே நேற்றுத்தான். பிழைப்புக்கு வைத்திருந்த டாக்ஸியை விற்று, வந்ததையெல்லாம் நாணயமாக மாற்றி, ஒரே மூச்சில் இருபத்து மூன்று பேருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். 'பெறுபவர் என்ன உறவு?' என்ற கட்டம் இருபத்து மூன்றிலும் காலி.

வந்ததிலிருந்து அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தக் கூச்சம் அவளுக்கு அத்துப்படி. ஏமாந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான், தாங்களே திருடியதுபோல் கூனிக் குறுகி உட்காருவார்கள்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

"பழக்கம் இல்லைம்மா."

"பழக்கமே இல்லாதவங்களுக்கா டாக்ஸியை வித்தீங்க? வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதாம்மா முதல்ல விக்கச் சொன்னா."

சரிதான், ஜோடியாக ஏமாந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். அந்த இருபத்து மூன்று பேருக்கும் நாணயம் போய்ச் சேர வேண்டிய நீள நீளமான வாலட் முகவரிகள், எழுத்துப் பிசகாமல். பக்கத்தில் தொகை. ஒன்றுகூட முழு எண்ணாக இல்லை. ஒவ்வொன்றும் புள்ளிக்குப் பின்னால் வால் முளைத்துக் கிடந்தது.

"சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும்மா. மூணாவதா இருக்கிற அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

"ஆபரேஷன்னு சொல்லித்தானே சார் எல்லாரும் கறக்கிறாங்க!"

"அவங்க எங்கிட்ட எதுவும் சொல்லலைம்மா. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

அவளுக்குப் பொறுமை போயிற்று. "நான் இதை நிராகரிச்சா உங்க கணக்கு ஒரு மாசம் முடங்கிடும். உங்க நல்லதுக்குத்தான் செய்யப் போறேன்."

"ஐயோ, வேண்டாம்மா!" ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கைகள் இரண்டும் குவிந்தன. "அந்தம்மா அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க."

அப்பா வயசு. அவளுக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"வெட்கப்படாதீங்க சார். போன வாரம் ஒரு காலேஜ் பிரின்சிபாலே இதே இடத்துல உட்கார்ந்து அழுதாரு. தப்பு உங்க மேல இல்லை."

"என் மேலதாம்மா," என்றார் தாளைப் பார்த்தபடியே. "கொஞ்சம் கவனிச்சிருக்கணும். வண்டி வண்டின்னு ஓடிட்டேன்."

பக்கத்து மேசைக்காரனால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த வயசுலயும் எவ்வளவு அப்பாவி பாருங்கக்கா! இவங்களை மாதிரி ஆளாப் பார்த்து, தேனாப் பேசி உருவுறானுங்க. அவனுங்களை விடுங்க, பெத்தவனைச் சொல்லணும்!"

"அதானே!" அவளுக்கும் ஆத்திரம் பொங்கியது. "இப்படி ஒருத்தனைப் பெத்துட்டு, அந்த அப்பன் எப்படித்தான் வெளியில தலை காட்டுறானோ!"

பெரியவர் தாளை மேசைமேல் வைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்த அப்பன் நான்தாம்மா."