ஒன்பதாவது பட்டை

வேராவின் இடது கை தோள்வரை கடுத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, நாடித்துடிப்பை வைத்துத் தலை எண்ணும் பதினோரு அரசாங்கப் பட்டைகள். வெளிநாட்டுக்குப் பிழைக்கப்போன பதினோரு பேருக்கும் சேர்த்து அவள் நாடிதான் துடித்துக்கொண்டிருந்தது. தலைக்கணக்கு குறைந்தால் மால்டோவாவை அண்டை நாட்டோடு சேர்த்துவிடுவார்களாம். அதனால் மிச்சமிருந்தவர்கள் போனவர்களைச் சுமந்தார்கள்.

கல்குவாரியில் முப்பது வருஷம் முதுகொடிய உழைத்த அவள் புருஷன் பாவெல், காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டாக்டரை அனுப்பச் சொல்லி வேரா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊர்லயே டாக்டர் இருக்காரே, எதுக்கு இன்னொருத்தர்?"

அந்த டாக்டர் ஜெர்மனிக்குப் போய் ஆறு வருஷம். இங்கே இருந்தது வேராவின் கையில் அவருடைய பட்டை, ஒன்பதாவது. மத்தியானம் பாவெல் செத்துப்போனார்.

சாயங்காலம் கணக்கு அதிகாரி ராது வந்து பிணத்தின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினான்.

"சாவு மணி அடிக்காதீங்கம்மா. கணக்கு முடியற வரைக்கும் ஐயா உயிரோடதான் இருக்கார். இதையும் நீங்களே கட்டிக்கணும், கையை நீட்டுங்க."

"உயிரோட இருக்காரா? அப்ப நீயே எழுப்பிக் கஞ்சி ஊத்துடா."

ஒன்பதாவது பட்டையை அறுத்து அவன் சட்டைப்பையில் திணித்தாள். நேரே தேவாலயத்துக்குப் போய், வலிக்கிற கையாலேயே மணிக்கயிற்றை இழுத்தாள்.

பாவெலுக்கு இந்த நாடு ஒரு டாக்டர் பாக்கி.