தோளில் ஒரு கை

கரையான்சாவடியில் டூர் வேன் வந்து நிற்பதற்குள்ளாகவே தமிழ்வாணன் அந்த ஆளைப் பார்த்துவிட்டான்.

ஜன்னலோர சீட்டு. கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் அம்மா.

படத்தில் இருந்த அதே ஆள்தான்.

காசிக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே டூர்க்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட ஆரம்பித்திருந்தார். முதல் படம் படகில் எடுத்தது. எல்லாரும் கங்கையைப் பார்த்துக் கைகூப்பியிருக்க, ஓரத்தில் அம்மா ஜெகதாம்பாள். அவள் தோளில் ஒரு கை.

தமிழ்வாணன் படத்தைப் பெரிதாக்கினான். கைக்குச் சொந்தக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு.

"இந்த வயசுல கூலிங் கிளாஸ் இன்னாத்துக்கு?" என்று மனைவி கார்த்திகாவிடம் காட்டினான்.

"படகு ஆடியிருக்கும், புடிச்சிருப்பாரு. உடுங்க," என்றாள் அவள்.

அடுத்த படத்தில் படகு இல்லை. அன்னபூரணி கோயிலுக்குப் போகும் சந்து. ஒரு மாடு வந்தால் ஆள் ஒதுங்க இடமிருக்காது. அம்மா முன்னால், அவர் பின்னால். அதே தோள், அதே கை.

மூன்றாவது படத்தை அவன் கார்த்திகாவிடம் காட்டவில்லை.

படித்துறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர் காதருகே சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா போனதிலிருந்து அம்மா பேச்சையே விட்டுவிட்டவள். திருவேற்காட்டு வீட்டில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பிட்டியா என்றால் ஆச்சு. தூங்கினியா என்றால் ஆச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள், அதோடு சரி. நாலு பேரோடு வெளியே போய்வந்தால் தெளிவாள் என்று அவன்தான் காசிக்குக் கிளப்பிவிட்டான். எந்த டூரில் போவது என்பதை மட்டும் அம்மா சொன்னாள்.

போன் போட்டான். அம்மாவின் குரல் கரகரவென்றிருந்தது.

"தொண்டைக்கு இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

பின்னால் ஓர் ஆண்குரல், "யாரு, பையனா?" என்று கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

தனியாக வரும் பொம்பளைகளாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிற ஆளா? அம்மா கழுத்துச் சங்கிலி ஞாபகம் வந்தது. சங்கிலியைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. அதை முழுசாக நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. குரூப்பில் இருக்கிற அத்தனை வீட்டாரும் இந்தப் படங்களைப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு எரிந்தது.

இன்றைக்கு அந்த ஆளை நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்றுதான் வந்திருந்தான்.

வேன் கதவு திறந்தது. அம்மா முதலில் இறங்கினாள். இறங்கியவள் திரும்பி, படியில் நின்றவரின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு படி. இன்னொண்ணு. கீழ ஜல்லி கெடக்குது, பாத்து."

தரையில் கால் வைத்ததும் அவர் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து உதறினார். மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோல் டக்டக்கென்று நீண்டது.

தமிழ்வாணன் கோலையும் கறுப்புக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவரு ஜம்புலிங்கம். நசரத்பேட்டையில கீறாரு," என்றாள் அம்மா. குரல் அடியோடு கட்டிப்போயிருந்தது. "சக்கரையில கண்ணு போயிடுச்சு."

ஜம்புலிங்கம் சிரித்தார். "உங்கம்மா தொண்டை போனதுக்கு நான்தான் காரணம் தம்பி. எனக்கோசரம் காசி பூரா வாயாலயே சொல்லிகினு வந்தாங்க. எந்தப் படித்துறையில எருமை குளிக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்."

தமிழ்வாணனுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாளும் மனசுக்குள் இந்த மனுஷனை என்னவெல்லாம் பேசியிருந்தான். அவர் கையிலிருந்த பையை வலுவில் வாங்கிக்கொண்டான். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தான். தலை இடித்துவிடாமல் கை வைத்து அவரை உள்ளே உட்கார வைத்தான்.

"காசிக்குப் போனா ராமேஸ்வரமும் போயாகணுமாம், அப்பத்தான் யாத்திரை முடியுமாம்," என்றார் ஜம்புலிங்கம். "உங்கம்மா வந்தா எனக்கும் கடலு தெரியும். நீங்கதான் அனுப்பணும்."

"தாராளமா போய்ட்டு வாங்க சார். டிக்கெட்டு நானே போடறேன்."

சொன்னபோது அவனுக்கே நெஞ்சு லேசானது. கார்த்திகாவிடம் இதைச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். "நசரத்பேட்டையில எங்க சார்?"

ஜம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே நின்றபடி குனிந்து, கட்டிப்போன குரலில் வழி சொன்னாள்.

"சிக்னல் தாண்டி ரேஷன் கடையாண்ட திரும்பு. மூணாவது ஊடு, பச்சைக் கேட்டு. அதைத் தள்ளக் கூடாது, லேசா தூக்கி உடணும்."

பிறகு, ஆட்டோ நகரும்போது, கொஞ்சம் சத்தமாக:

"உள்ள நாய் கீதுப்பா. பேரு மணி. பேரு சொல்லி கூப்ட்டா கொலைக்காது."