மூன்றாவது கொம்பு

மாநாட்டுக் கூடத்தின் பின்னறையில் நான்கு பேர் இருந்தோம். வீட்டுத்தொழில் பெண்கள் சங்கத்தின் தலைவி சோனுன். தலைநகர் பிஷ்கெக் சந்தையில் கடை வைத்திருக்கும் ஜங்கில். என் அண்ணன் மனைவி உல்கான். நான்.

மேசை மேல் இரண்டு கம்பளி விரிப்புகள். ஒன்று அண்ணி விற்பனைக்குக் கொண்டு வந்தது. மற்றது ஜங்கில் தன் கடைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடி வந்தது.

"மூணு வருஷமா என் கடையில தொங்குது. பாத்துட்டுப் போய் அப்படியே செஞ்சிருக்கா. கலரை மாத்திட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டா, பாவம், மலைக்காரி."

சோனுன் அண்ணியின் சங்க அட்டையைக் கையில் வைத்திருந்தாள். திருட்டு வேலை என்று முடிவானால் அட்டை போகும். அட்டை போனால் இந்த மாநாட்டில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அண்ணிக்கு விற்க இடம் கிடையாது. வாங்குகிறவர்கள் யாரும் எங்கள் ஊரான அட்-பாஷி வரை மலையேறி வந்து வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை.

அண்ணி கத்தவில்லை.

"என்னுது சிவப்புல கறுப்பு. அது கறுப்புல சிவப்பு. ரெண்டும் ஒரே கத்தி, அக்கா."

சோனுனும் கம்பளி வெட்டி வளர்ந்தவள்தான். இரண்டு நிறக் கம்பளியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, ஆட்டுக்கொம்பு வடிவங்களாகச் சேர்த்து வெட்டுவோம். வெட்டிய துண்டுகளை மாற்றிப் பொருத்தித் தைப்போம். எங்கள் விரிப்புகள் ஜோடியாகத்தான் பிறக்கும்.

"பாத்து வெட்டினாலும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஜங்கில்.

"அவங்க விரிப்புல இடது ஓரம், மூணாவது கொம்பு" என்றாள் அண்ணி. "நுனியில கத்தி வழுக்கியிருக்கும். ஒரு கோதுமை மணி அளவு. வெளிய தெரியாது, மேல கயிறு வெச்சுத் தைச்சிருக்கேன். பிரிச்சுப் பாருங்க."

"என் விரிப்பைப் பிரிச்சா யாரு தைச்சுத் தருவா?"

"நானே தைச்சுத் தர்றேன். எனக்குத் தெரியாத தையலா?"

சோனுன் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"எப்படி வழுக்குச்சு?" என்று கேட்டாள்.

"வெள்ளைப் பொண்ணுதான் அன்னைக்கு ஓரத்தைப் புடிச்சிருந்தா. எதுக்கோ சிரிச்சா. ஆடிருச்சு."

வெள்ளைப் பொண்ணு நான்தான். கணவன் வீட்டு ஆட்களை எங்கள் பக்கத்தில் எந்த மருமகளும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அண்ணி வந்த நாளில் எனக்கு வைத்த பெயர் அது. பதினான்கு வருடம் ஆகிறது.

ஒரு தையல். இரண்டு. ஆறாவது தையலில் கயிறு விலகியது.

சோனுன் குனிந்து பார்த்தாள். விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

கோதுமை மணி அளவுதான்.

ஜங்கில் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, உன் கைதான்" என்றாள் சோனுன். ஆனால் அட்டையைத் தரவில்லை. "ஜோடியில ஒண்ணு இவகிட்ட எப்படி வந்துச்சு?"

"காசு குடுத்து வாங்கினேன். திருடல."

"யார்கிட்ட?"

ஜங்கில் அண்ணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும்போது எனக்கு அவளுடைய தங்கப்பல் தெரிந்தது.

"நான்தான் வித்தேன்" என்றாள் அண்ணி. "மறந்துட்டேன்."

ஒன்றரை வருடம் உட்கார்ந்து செய்ததை யாரும் மறப்பதில்லை. ஜோடியில் மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த ஒன்றை விற்பதும் இல்லை. அந்த அறையில் யாரும் அவளை நம்பவில்லை.

சோனுன் அட்டையை நீட்டினாள். அண்ணி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதலில் வெளியேறினாள்.

வாசலில் ஜங்கில் என் முழங்கையைப் பிடித்தாள். காதருகே வந்தாள்.

"அன்னைக்கே நீ இதோட ஜோடியையும் சேத்துக் கொண்டு வந்திருந்தா, தங்கச்சி, மாஸ்கோவுக்குப் போக மட்டுமில்ல, வரவும் டிக்கெட் எடுத்திருக்கலாம்."

நான் முழங்கையை உருவிக்கொண்டேன்.

மதியம் சந்தைக்குப் போனோம். காகிதத்தில் எழுதி வந்தது எல்லாம் வாங்கினோம். சிவப்புச் சாயம், சுண்ணாம்புக் கட்டி, தடித்த ஊசி, அண்ணன் மகளுக்கு பூட்ஸ். அண்ணி எப்போதும் போலப் பேரம் பேசினாள். சாயக்காரனைச் சிரிக்க வைத்தாள்.

கடைசியாகக் காகிதத்தில் இல்லாத ஒன்றை வாங்கினாள். ஒரு பூட்டு. கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். இரண்டு சாவிகளையும் சங்க அட்டைக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டாள்.

வேனில், அடுப்பில் சுட்ட இறைச்சி சம்சாவில் என் பங்கை எனக்குத் தந்தாள். சூடாகவே இருந்தது. நான் அதைப் பிடித்தபடியே வந்தேன்.

வீடு வந்ததும் விற்காத விரிப்பைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேல் பலகையில், மூன்று வருடத்துக்கு முன் இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று நான் மடித்து வைத்த பழைய போர்வை இல்லை. அந்த இடத்தில் தூசி படிந்திருந்தது. நேற்று இன்று படிந்த தூசி அல்ல.

விரிப்பை அங்கே வைத்தேன். வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

"வெளிய வா, பெர்மெட்" என்றாள்.

அவள் வாயால் என் பெயரை நான் கேட்டதே இல்லை.

வந்தேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.