ஐந்து பிளாஸ்திரிகள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை வெயில் நீளமாக விழுகிறது. கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்த மறுநாள், மர்பி டவுனிலிருந்து வந்த கௌதமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, சுவரோரமாக நடக்கிறாள். ரோபோவின் மெல்லிய கைகள் செய்த ஆபரேஷன். ஓரத்தில் உட்கார்ந்து அவற்றை நகர்த்தியவர் டாக்டர். நைட்டிக்குள் ஐந்து சின்ன பிளாஸ்திரிகள்தான். "நாளைக்கு டிஸ்சார்ஜ். நோவு இருக்காம்மா?" என்கிறாள் நர்ஸ். "பெரிசா இல்ல, சிஸ்டர்." "அப்புறம் ஏன் குனிஞ்சிக்கினே நடக்குற? நிமிந்து வாயேன்," என்கிறான் கணவன் அசோகன். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரிக் கட்டிக்காக அவள் அக்காவின் அடிவயிற்றை நீளமாகக் கிழித்துத் தைத்தார்கள். சீழ் பிடித்த தையலோடு பதினெட்டு நாள் இப்படியே குனிந்து நடந்தவள், பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள். கௌதமி யாருமில்லாத இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அசோகனிடம் சொல்கிறாள். "மெதுவா வாய்யா. அக்காவால இவ்ளோதான் நடக்க முடியும்."