கருப்பனாருக்கு மூன்று சுருட்டு

சேலத்துக் காலேஜிலிருந்து கோடை விடுமுறைக்கு மலைக்கிராமத்துக்கு வந்த பழனிமுத்து எலும்பும் தோலுமாய் இருந்தான். தட்டில் வைத்த களியைத் தொடவில்லை.

"பசிக்கலீங்க ஆத்தா."

"மாசம் முச்சூடுமா பசிக்காது?" என்று கத்தினாள் அத்தாயி.

மகன் சாப்பிட வேண்டுமென்று கருப்பனாருக்குத் தினம் காலையில் ஒரு சுருட்டு படைத்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சாம்பல்தான் மிச்சமிருக்கும். சாமி ஏற்றுக்கொண்டதென்று நம்பி அதை இரண்டாக்கினாள், பிறகு மூன்றாக்கினாள். மகனோ இன்னும் இளைத்தான்.

ஒருநாள் பொறுக்காமல் உச்சிவெயிலில் கோயிலுக்கே சண்டைக்குப் போனாள்.

"மூணு சுருட்டு இழுக்கத் தெரியுது. எம்புள்ளைக்கு ஒரு வாய் களி எறக்கத் தெரியலையா?"

சிலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தாள். பழனிமுத்து சுருட்டும் கையுமாய் உட்கார்ந்திருந்தான்.

அவள் கையை ஓங்கினாள்.

"அடிங்க ஆத்தா. ஆஸ்டல்ல மறுசோறு கேட்டதுக்கு மலைக்கரடின்னு தட்டைத் தட்டிச் சிரிச்சாங்க. அன்னிக்கே சோத்தை விட்டுட்டேன். இதை இழுத்தாத்தான் பசி அடங்குது. இப்பச் சோத்தைப் பார்த்தாலே குமட்டுதுங்க."

ஓங்கிய கையோடு அவள் கருப்பனார் பக்கம் திரும்பினாள்.

"ஒரு சுருட்டுகூட எனக்கு வந்து சேரலைன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?"