ஒப்புரவுக் கடிகாரம்

பூமியில் மிஞ்சியிருந்த கடைசி உண்மைக் கிறிஸ்தவர் மூப்பர் மனோவாதான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன் சண்டைக்காரர்கள் சமாதானமாக வேண்டும் என்று மூப்பர் உட்பட சபையில் எல்லோருக்கும் கையில் ஒப்புரவுக் கடிகாரம் கட்டிவிட்டிருந்தார்கள். எதிரே நின்று ஒருவர் பொத்தானை அமுக்கினால் போதும். இருவரின் கடிகாரங்களும் தங்களுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டும்.

"த்தூ! மன்னிப்புக் கேக்க ஒங்களுக்கு வாய் இல்லியா? மிசினை விட்டா கேப்பிய?" என்று கோயில் வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் ஏசிக்கொண்டிருந்தார் மனோவா.

"அப்போ நீங்க வாயால கேளுங்க. அந்தா ஒங்க அண்ணன் வாராவ," என்றாள் மனைவி ரெபேக்கா.

அப்பாவின் கல்லறைக் கல்லில் எந்த மகன் பெயரை முதலில் வெட்டுவது என்ற தகராறில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. கல் இன்னும் மொட்டையாகவே நிற்கிறது.

அண்ணன் தங்கையா நேராக வந்து கையை நீட்டினார். "என்னய மன்னிச்சிருடே, தம்பி."

மனோவா இடமும் வலமும் பார்த்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சத்தமில்லாமல் தன் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார்.

தங்கையாவின் நீட்டிய கையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.